பூனை ஒருவருக்கு... ஜுரம் இன்னொருவருக்கு!

பூனையை நாம் வளர்ப்பதாகச் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் அதுவாக வந்து குடியேறுகிறது. ஒரு மழை நாள் சாயங்காலம் உங்கள் ஸ்கூட்டர் சீட்டில் சுருண்டு படுத்திருக்கும். ‘சூ’ என்றால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும். மறுநாள் வாசலில் ஒரு கிண்ணம் பால். அடுத்த வாரம் சமையலறை வரை உரிமை. மூன்றாவது மாதம், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்காததுதான் பாக்கி!

வந்த நாளிலிருந்தே வீட்டில் ஒரு எதிர்க்கட்சி உருவாகிவிடும். ‘‘பூனை முடி வயித்துக்குள்ள போனா ஆளு உருகிப் போயிடுவான்’’, ‘‘பூனை மூச்சு பட்டா இளைப்பு வரும்’’ என்று பாட்டிகள் ஆரம்பிப்பார்கள். ஆளுங்கட்சி, பெரும்பாலும் வீட்டின் கடைக்குட்டி, பூனையை மடியில் வைத்துக்கொண்டு, ‘‘அது நாள் பூரா நக்கி நக்கி சுத்தம் பண்ணிக்குது. அண்ணன் வாரத்துக்கு ரெண்டு நாள்தான் குளிக்கிறான்’’ என்று வாதாடும்.

இரண்டு கட்சிக்கும் பாதி மார்க்தான். பூனையிடமிருந்து மனிதனுக்கு நோய் வரும், நிஜம். ஆனால் பாட்டி சொல்கிற வழியில் அல்ல. பாட்டி பயப்படுகிற ஆளுக்கும் அல்ல.

முதலில் அந்த முடி விஷயத்தை முடித்துவிடுவோம். பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. தும்மல், கண் அரிப்பு, இளைப்பு வரும். அது ஒவ்வாமை. அதாவது அலர்ஜி. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் கிருமி அல்ல. நாம் பேசப்போவது கிருமி சமாசாரம். அதில் ‘என்ன நோய்?’ என்பதைவிடப் பெரிய கேள்வி, ‘யாருக்கு?’ என்பதுதான்.

கோணிப்பையும் மூன்று நாள் வாய்தாவும்

இந்தக் கேள்வியை என் தலையில் கட்டியவர் எங்கள் ஆபீஸ் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் நண்பர். பூனைக்கே ‘மணி’ என்று பெயர் வைத்த ரசிகர். இரண்டாவது மாடி ஃப்ளாட். மணி மூன்று வருடமாக அவர் மனைவியின் மடியில்தான் டி.வி. பார்க்கிறது. வெளியே போகாது. எலியைப் படத்தில்தான் பார்த்திருக்கும். சாப்பாடு: வெந்த மீன், தயிர் சாதம், கடையில் விற்கும் பாக்கெட் தீனி.

மனைவி முழுகாமல் இருக்கிறார் என்று தெரிந்த மறுவாரம், கும்பகோணத்திலிருந்து மாமியார் பஸ் ஏறி வந்துவிட்டார். கூடத்தில் மணியைப் பார்த்ததும் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

‘‘மாப்ளே, இந்த வீட்டுல ஒண்ணு எம் பொண்ணு இருக்கணும், இல்லாட்டி அந்தப் பூனை இருக்கணும். நீங்களே முடிவு பண்ணிக்குங்க.’’

போதாததற்கு எதிர் ஃப்ளாட் அம்மாள் வந்து, ‘‘பூனை இருக்கிற வீட்டுல பொறக்கிற கொழந்தைக்குக் கண்ணு தெரியாதாமே...’’ என்று ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனார். அன்று ராத்திரி நண்பரின் மனைவி அழுதிருக்கிறார். பூனைக்காகவா, குழந்தைக்காகவா என்று அவருக்கே தெரியவில்லை.

‘‘சார், கோணிப்பை வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை மீன் மார்க்கெட் பக்கமாக் கொண்டுபோய் விட்டுடலாம்னு இருக்கேன். மீனாவது கிடைக்கும்’’ என்றார் கேன்டீனில், டீயைக் குடிக்காமல் ஆற்றிக்கொண்டே.

‘‘மூணு நாள் பொறுங்க. விஷயம் என்னன்னு பார்த்துடுவோம்’’ என்று வாய்தா வாங்கினேன். அந்த மூன்று நாளில் படித்ததும் கேட்டதும்தான் இந்தக் கட்டுரை.

மூன்று வாரக் குற்றவாளி

எதிர் ஃப்ளாட் அம்மாள் பயந்த கிருமிக்குப் பெயர் டாக்ஸோபிளாஸ்மா. 1908-ல் வட ஆப்பிரிக்காவின் டூனிஸ் நகரில், பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் சார்லஸ் நிக்கோல், லூயி மான்ஸோ என்ற இருவர் எலி ஜாதிப் பிராணி ஒன்றின் உடம்பில் கண்டுபிடித்தார்கள். அந்தப் பிராணியின் பெயரைத் தமிழில் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுவார், வேண்டாம்! கிருமி வில் மாதிரி வளைந்திருந்ததால், ‘வில்’ என்பதற்கான கிரேக்கச் சொல்லை வைத்து அதற்குப் பெயர் சூட்டினார்கள்.

இது மனிதனுக்கு எப்படி வருகிறது என்பது அதற்குப் பின் சுமார் அறுபது வருடம் புரியவில்லை. 1960-களில் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஹட்சிசன், பூனையின் மலத்தில் துப்புக் கண்டுபிடித்தார். 1970 வாக்கில் கிருமியின் முழு ஜாதகமும் கணிக்கப்பட்டது. அதில் முக்கியப் பங்கு, இந்தியாவில் பிறந்து அமெரிக்க விவசாயத் துறையில் வாழ்நாளெல்லாம் இந்த ஒரு கிருமியைத் துரத்திய ஜிதேந்தர் துபேக்கு உண்டு.

ஜாதகம் இதுதான். ஆடு, மாடு, கோழி, எலி, மனிதன் என்று யார் உடம்பில் வேண்டுமானாலும் இந்தக் கிருமி தங்கும். ஆனால் அதன் கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாம் பூனைக் குடும்பத்தின் குடலில் மட்டும்தான். கிருமி உள்ள எலியையோ, குருவியையோ, பச்சைக் கறியையோ பூனை சாப்பிடுகிறது. சில நாள் கழித்து அதன் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத முட்டை போன்ற உறைகள் லட்சக்கணக்கில் வெளியேறுகின்றன.

இங்கேதான் மாமியார்களுக்குத் தெரியாத மூன்று சமாசாரங்கள்.

ஒன்று, பூனை இதை வெளியேற்றுவது ஒன்று முதல் மூன்று வாரம் வரைதான். பிறகு அதற்கே எதிர்ப்பு சக்தி வந்துவிடுகிறது. பெரும்பாலான பூனைகளுக்கு இது ஆயுளில் ஒரு தடவை சமாசாரம், முதன்முதலாக வேட்டையாடப் பழகும் இளம் வயதில்.

இரண்டு, வெளியே வந்தவுடன் அது தொற்றாது. பக்குவமாக ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும்.

மூன்று, பக்குவமான பிறகு ஈரமண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு காத்திருக்கும். பூனை போய்விட்டிருக்கும். மண் இருக்கும்!

ஆகவே பூனையைத் தொட்டாலோ, மடியில் வைத்தாலோ, அது உங்கள் தலையணையில் தூங்கினாலோ இந்த நோய் வருவது அபூர்வம். எலியே பிடிக்காத, பச்சைக் கறியே தின்னாத மணிக்கு இந்தக் கிருமி வர வழியே கிட்டத்தட்ட இல்லை.

ஒரே கிருமி, இரண்டு டென்னிஸ் வீரர்கள்

சரி, கிருமி உள்ளே போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஆகும்? திடமான ஆளாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றுமே ஆகாது. சிலருக்கு ஃப்ளூ மாதிரி ஜுரம், உடம்பு வலி, கழுத்தில் நெறி கட்டுதல், வாரக்கணக்கில் அசதி. பிறகு உடம்பின் காவல்படை கிருமியை மடக்கி, தசையிலும் மூளையிலும் சின்னச் சின்ன உறைக்குள் பூட்டிவைத்துவிடும். ஆயுள் தண்டனை. பரோல் கிடையாது, காவல்படை விழித்திருக்கும் வரை.

மார்ட்டினா நவரத்திலோவாவை ஞாபகமிருக்கிறதா? 1982-ல் பிரெஞ்சு பட்டத்தையும் விம்பிள்டனையும் வென்றுவிட்டு, அமெரிக்க ஓப்பனில் தன் இரட்டையர் ஜோடியான பாம் ஷ்ரைவரிடமே கால் இறுதியில் தோற்றார். அந்த நாட்களில் உடம்பைத் தின்ற அசதிக்குக் காரணம் டாக்ஸோபிளாஸ்மா. அவருக்கு நஷ்டம், ஒரு கோப்பை. அடுத்த வருடமே அதையும் ஜெயித்தார்.

ஆர்தர் ஆஷ், 1975 விம்பிள்டன் சாம்பியன். 1983-ல் இதய ஆபரேஷனின்போது ஏற்றிய ரத்தத்தில் எய்ட்ஸ் கிருமி இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியாது. 1988-ல் திடீரென்று வலது கை வேலை செய்யவில்லை. மூளையில் ஆபரேஷன் செய்து பார்த்தபோது அங்கே இருந்தது டாக்ஸோபிளாஸ்மா. அதை வைத்துத்தான் அவருக்கு எய்ட்ஸ் என்பதே தெரியவந்தது. 1993-ல் இறந்துபோனார்.

இருவருக்கும் கிருமி எங்கிருந்து வந்தது என்பது இங்கே கேள்வி இல்லை. கிருமி ஒன்றுதான். குடியிருந்த உடம்பு வேறு. இந்தக் கட்டுரையில் நீங்கள் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். எய்ட்ஸ் உள்ளவர்கள், சிறுநீரக மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையை அதிக அளவில் நீண்ட நாள் சாப்பிடுபவர்கள், இவர்களுக்குப் பூனைக் கிருமிகள் விளையாட்டுச் சமாசாரம் அல்ல. புதிதாக வரவேண்டும் என்பதுகூட இல்லை. என்றைக்கோ உள்ளே வந்து பூட்டப்பட்ட கிருமியே பூட்டை உடைத்துக்கொண்டு கிளம்பிவிடும்.

கர்ப்பிணிக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்?

கர்ப்பிணியின் உடம்பு திடமாகத்தான் இருக்கிறது. ஆபத்து அவருக்கு அல்ல, உள்ளே இருக்கும் குழந்தைக்கு. அதுவும் எல்லாக் கர்ப்பிணிக்கும் அல்ல. கர்ப்பமாக இருக்கும்போதோ, அதற்குக் கொஞ்சம் முன்போ, வாழ்க்கையில் முதன்முறையாக இந்தக் கிருமி தொற்றினால்தான் சிக்கல். பல வருடம் முன்பே வந்து போயிருந்தால் தாயின் எதிர்ப்பு சக்தி குழந்தைக்கும் காவல் நிற்கும்.

முதல் தொற்று கர்ப்ப காலத்தில் வந்தால், கிருமி நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகலாம். ஆரம்ப மாதங்களில் தாண்டுவது குறைவு. தாண்டினால் பாதிப்பு அதிகம்: கரு கலையலாம், மூளையில் நீர் கோக்கலாம். கடைசி மாதங்களில் தாண்டுவது அதிகம், பாதிப்பு குறைவு. ஆனால் பிறக்கும்போது நன்றாக இருக்கும் குழந்தைக்குக்கூட வருடங்கள் கழித்துக் கண்ணில் கோளாறு தலைகாட்டலாம். ஆகவே எதிர் ஃப்ளாட் அம்மாள் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதை ஒரு குடம் பயத்தில் கலந்து ஊற்றிவிட்டார், அவ்வளவுதான்.

நண்பர், டாக்டரிடம் கேட்டு மனைவிக்கு ரத்தப் பரிசோதனை செய்தார். ரிசல்ட்: இதுவரை இந்தக் கிருமி அவர் உடம்புக்குள் வந்ததே இல்லை!

இதில் இரண்டு செய்தி இருக்கிறது. மூன்று வருடம் மணியை மடியில் வைத்திருந்தும் வரவில்லை. இது மணிக்குக் கிடைத்த நன்னடத்தைச் சான்றிதழ். ஆனால் எதிர்ப்பு சக்தியும் இல்லை. ஆகவே இனி பிரசவம் வரை எந்த வழியிலும் வந்துவிடக்கூடாது. கோணிப்பை பரணுக்குப் போயிற்று. மணல் தட்டு நண்பரின் கைக்கு வந்தது. மாமியார் மட்டும் மணியை இன்னும் ‘அது’ என்றுதான் சொல்கிறாராம்!

பூனையே இல்லாத வீட்டுக்காரர்கள்

‘எந்த வழியிலும்’ என்று சொன்னேன். இனிமேல்தான் வேடிக்கை. இந்த நோய் வந்தவர்களில் நிறையப் பேர் பூனை வளர்க்காதவர்கள்.

நேப்பிள்ஸ், மிலான், லோசான், கோபன்ஹேகன், ஆஸ்லோ, பிரஸ்ஸல்ஸ் என்று ஆறு ஐரோப்பிய நகரங்களில் புதிதாகத் தொற்று வந்த கர்ப்பிணிகளை விசாரித்து, 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். 30 முதல் 63 சதவிகிதம் வரை, சரியாக வேகாத இறைச்சியால் வந்தது. 6 முதல் 17 சதவிகிதம் வரை, மண்ணோடு புழங்கியதால் வந்தது. பூனையோடு பழகியது? ஆபத்துப் பட்டியலில் இடமே பெறவில்லை! பாதி வெந்த கறியை ரசித்துச் சாப்பிடும் தேசங்களின் கதை அது. குழைய வேகவைக்கும் நம் ஆட்டுக்கறிக் குழம்பில் கிருமி பிழைக்காது. ஆனால் பச்சைக் கறியை வெட்டிய கையாலும் கத்தியாலும் வெள்ளரிக்காயை நறுக்கினால், அதற்குக் குழம்பு பொறுப்பல்ல.

1977-ல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் குதிரைச் சவாரிக் கூடம் ஒன்றுக்குப் போய் வந்த 37 பேருக்கு ஒரே சமயத்தில் இந்த நோய். அந்தக் கூடத்தில் பூனைகள் இருந்தன. குதிரைகள் கிளப்பிய புழுதிதான் கிருமியைச் சவாரி செய்தவர்களுக்குக் கொண்டுசேர்த்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். 1995-ல் கனடாவின் விக்டோரியா நகரில் நூறு பேர். கைகாட்டப்பட்டது நகராட்சித் தண்ணீர்.

கனடா வரை போவானேன்? நம் கோயம்புத்தூரிலேயே 2004 கடைசியில், சில மாதங்களுக்குள் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் கண் மங்கலாகத் தெரிகிறது என்று அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தார்கள். விழித்திரையில் டாக்ஸோபிளாஸ்மா புண். நோயாளிகள் எந்தெந்தப் பகுதியிலிருந்து வந்தார்கள் என்று பார்த்தபோது, மருத்துவர்களின் சந்தேகம் போய் நின்ற இடம் குடிநீர் விநியோகம். குழாயைத் திறந்தவர் வீட்டில் பூனை இருந்ததா இல்லையா என்று தண்ணீர் கேட்பதில்லை. இந்தக் கிருமியின் கெட்டியான உறைக்குக் குளோரின் ஒரு பொருட்டும் அல்ல. கொதிக்க வைத்தால்தான் சாகும்.

தெருப்பூனை தோட்டத்து மண்ணைத் தோண்டி மூடிவிட்டுப் போகிறது. மழை பெய்கிறது. கீரை முளைக்கிறது. கீரையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட்டவர், ‘‘எங்க வீட்ல பூனையே கிடையாதே டாக்டர்!’’ என்கிறார். பூனையை விரட்டிவிட்ட நிம்மதியில் கையைக் கழுவாமல் சாப்பிடுகிறவரைவிட, பூனையை வைத்துக்கொண்டு கையைக் கழுவுகிறவர் பத்திரமாக இருக்கிறார்.

குட்டியும் குட்டியும்

அடுத்த ஆபத்து நகத்தில். இதில் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் குழந்தைகள். பிராண்டுவதும் பெரும்பாலும் குட்டிப்பூனைதான். இரண்டுக்கும் விளையாட்டு எங்கே முடியவேண்டும் என்று தெரியாது.

பிராண்டிய இடத்தில் சில நாளில் ஒரு சின்னக் கொப்புளம். ஓரிரு வாரம் கழித்து அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டும், கொஞ்சம் ஜுரம். அதற்குள் கீறல் ஆறி மறந்துபோயிருக்கும். கட்டியைப் பார்த்துப் பெற்றோர் என்னென்னவோ நினைத்து ராத்தூக்கம் கெடுவார்கள். 1950-ல் பாரிஸ் குழந்தை மருத்துவர் ரோபேர் டெப்ரே இதற்குப் பூனை நகத்தின் பெயரையே வைத்தார். காரணமான கிருமி பிடிபட மேலும் நாற்பது வருடம் ஆயிற்று. அதன் பெயர் பார்டனெல்லா ஹென்ஸலே. ஓக்லஹாமா நகர மருத்துவமனை லேபில் வேலை பார்த்த டயேன் ஹென்ஸல் என்ற டெக்னாலஜிஸ்ட்டின் நினைவாக வைத்த பெயர். வேலை பார்த்தவர் பெயரையே வைத்திருக்கிறார்கள், இப்படியும் ஒரு ஆபீஸ்!

1993-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நடந்த ஆய்வில், நோய் வந்தவர்களின் வீட்டை வராதவர்களின் வீட்டோடு ஒப்பிட்டார்கள். வித்தியாசம் மூன்று: ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டி, அது பிராண்டியோ கடித்தோ இருப்பது, குட்டியின் உடம்பில் தெள்ளுப்பூச்சி. சூத்திரதாரி அந்தத் தெள்ளுதான். பூனைக்குப் பூனை கிருமியைக் கடத்துவது அது. அதன் எச்சம் பூனையின் நகத்தில் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து கீறலுக்குள் போகிறது. ஆக, தெள்ளை ஒழித்தால் பாதி நோய் ஒழிந்தது. பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு இதே கிருமி தோலிலும் ஈரலிலும் தீவிரமாகப் பரவும். மறுபடியும் அதே பாடம்: கிருமி ஒன்று, உடம்பு வேறு.

குட்டிப்பூனைகள் பரப்பும் படர்தாமரையும் குழந்தைகளைத்தான் தேடி வரும். புசுபுசுவென்ற பாரசீகப் பூனையின் முடிக்குள் பூஞ்சை ஒளிந்திருந்தால் பார்வைக்குத் தெரியாது. பையனின் தலையில் ரூபாய்க் காசு அளவு முடி கொட்டியிருந்தால், பையனை மட்டுமல்ல, பூனையையும் டாக்டரிடம் காட்டவேண்டும்.

கடி வாங்குவது யார்?

நாய்க்கடி பார்க்கப் பயங்கரமாக இருக்கும். பூனைக்கடி இரண்டு ஊசிக்குத்து மாதிரி இருக்கும். அதுதான் மோசடி. ஊசி மாதிரிப் பல், கிருமியை ஆழத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியே வருகிறது. மேல்தோல் மூடிக்கொள்கிறது. உள்ளே மூட்டிலும் நரம்பிலும் சீழ் பிடிக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 2009 முதல் 2011 வரை பூனையிடம் கையில் கடிபட்டு வந்த 193 பேரைக் கணக்கெடுத்தார்கள். 57 பேரைப் படுக்கையில் சேர்க்க வேண்டியிருந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சராசரி வயது 49.

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் 1990-களின் கடைசியிலிருந்து பூனைகள் மூலம் ஒரு தோல் பூஞ்சை நோய் பரவிவருகிறது. அங்கேயும் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் வீட்டோடு இருக்கும் பெண்கள். காரணம் சிம்பிள். அடிபட்டு வரும் பூனைக்கு மருந்து போடுவது யார்? அவர்கள்தான்.

கவனித்தீர்களா? பூனை வாங்கலாம் என்று முடிவெடுப்பவர் ஒருவர். போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறவரும் அவரே. கழுவுகிற, அள்ளுகிற, மருந்து போடுகிற கை இன்னொருவருடையது. தொற்று அந்தக் கையைத்தான் பிடிக்கிறது.

விதிவிலக்கே இல்லாத ஒன்று

இதுவரை சொன்னதெல்லாம் ஆளைப் பார்த்து வரும் நோய். ஆள் பார்க்காத நோய் ஒன்று இருக்கிறது: ரேபீஸ். பீமனானாலும் சரி, பிஞ்சானாலும் சரி, அறிகுறி வந்துவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. மனிதனுக்கு ரேபீஸ் வருவது 99 சதவிகிதம் நாய் மூலம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் வெறிநாய் கடித்த பூனையும் அதே வேலையைச் செய்யும்.

‘‘பூனைதானே, சும்மா பிராண்டிச்சு’’ என்று ஆபீஸுக்குக் கிளம்பும் வாலிபர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். ரத்தம் வராத கீறலுக்கே தடுப்பூசி வேண்டும். ரத்தம் வந்தால் ஊசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் தனி மருந்தும் வேண்டும். முதல் வேலை, குழாயைத் திறந்து சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. பதினைந்து என்றால் கடிகாரம் பார்த்துப் பதினைந்து. மஞ்சள், மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், சுண்ணாம்பு இதெல்லாம் சமையலறையிலேயே இருக்கட்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள், ஆக நான்கே தடவை. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்பதெல்லாம் அந்தக் காலம். பூனை பத்து நாள் நன்றாக நடமாடினால் மீதி ஊசி வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். முதல் ஊசிக்காகப் பத்து நாள் காத்திருக்கக் கூடாது.

எலிக்கு வந்த தைரியம்

நடுவில் ஒரு தமாஷ். ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகள் 2000-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். சாதாரண எலி, பூனை மூத்திர வாசனை அடித்தால் ஓடிவிடும். டாக்ஸோபிளாஸ்மா வந்த எலிக்கு அந்தப் பயம் விட்டுப்போகிறது. சில எலிகள் அந்த வாசனையைத் தேடியே போகின்றனவாம்! கிருமிக்கு எலி வயிற்றிலிருந்து பூனை வயிற்றுக்குப் போயாக வேண்டுமே, அதற்கு இதைவிட நல்ல பஸ் எது? திடீரென்று மேனேஜர் ரூமுக்குள் கதவைத் தட்டாமல் நுழைகிற சகாக்கள் யாராவது இருந்தால், அதற்கு இந்தக் கிருமியைக் காரணம் சொல்ல ஆதாரம் இல்லை. இன்க்ரிமென்ட் வராத கோபமாக இருக்கலாம்!

ஆக, செய்யவேண்டியது என்ன?

மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். கிருமி பக்குவமாக ஒரு நாளாவது வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அதற்குள் அள்ளிவிட்டால் கதை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை அள்ளுவது, கிருமிக்கு அடைகாத்துக் கொடுப்பதற்குச் சமம்.

வேலை முடிந்ததும் சோப்பு. தோட்டவேலைக்குக் கையுறை. கீரையும் காயும் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி. குடிக்கக் கொதித்து ஆறிய தண்ணீர்.

பூனைக்குப் பச்சைக் கறியும், கறிக்கடையில் சும்மா கொடுக்கும் பச்சை ஈரலும் வேண்டாம். வேகவைத்துப் போடுங்கள். தெள்ளுக்கு மருந்து, வருடாவருடம் ரேபீஸ் தடுப்பூசி, இரண்டும் கால்நடை மருத்துவரிடம்.

கையை ஆட்டி ஆட்டிக் குட்டியோடு விளையாடாதீர்கள். கயிறோ பந்தோ போதும். பூனை உங்கள் விரலைச் சாப்பாடு என்று கற்றுக்கொண்டால் அது பூனையின் குற்றமில்லை.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால், பூனை இருக்கிறது என்பதை டாக்டரிடம் முதல் விசிட்டிலேயே சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை எழுதுவார். தொற்று வந்திருந்தாலும் கையைப் பிசையவேண்டாம், மருந்து இருக்கிறது. புதிதாக ஒரு குட்டிப்பூனையைத் தத்தெடுப்பதை மட்டும் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கீமோ எடுத்துக்கொள்ளும் அப்பா, கிட்னி மாற்றிக்கொண்ட அண்ணன் இருக்கும் வீட்டுக்கும் இதே சட்டம். பூனை இருக்கலாம். அவர்கள் கையில் மணல் தட்டு இருக்கக்கூடாது.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூட்டம் போட்டு, முடிவு தெரியாமல் கலைந்துபோயின. மணல் தட்டை யார் அள்ளுவது என்பதற்குக் கூட்டமே தேவையில்லை. வீட்டில் யார் உடம்பு திடகாத்திரமாக இருக்கிறதோ அவர்தான்.

பனியனோடு உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இதைப் படிக்கிறீர்களே... ஆமாம் சார், உங்களைத்தான்!